நொச்சி வெந்நீர்: நின்று களைத்த காலுக்கு ஒரு முறை, சர்க்கரை நோயுள்ள தாயின் காலுக்கு வேறு முறை

துணிக்கடையில் நாளொன்றுக்கு 10 மணி நேரம் நின்று வேலை பார்க்கும் ஒரு பெண் கேட்டிருக்கிறார். இரவு வீடு திரும்பும்போது அவருக்கு உள்ளங்கால் எரிகிறது, இரண்டு கணுக்கால்களும் வீங்கிவிடுகின்றன. 61 வயதான அவருடைய தாய்க்கு முழங்கால் தேய்மானமும், 12 ஆண்டுகளாகச் சர்க்கரை நோயும் இருக்கின்றன. நொச்சி இலையை அவித்த வெந்நீரில் இருவரும் ஒருவர் பின் ஒருவராகக் காலை வைத்துக்கொள்ளலாமா, எந்த இலை நல்லது, எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்பது கேள்வி.

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் கால்களைத் தாராளமாக வைக்கலாம், ஆனால் வீடு வந்தவுடன் அல்ல. அம்மாவின் முழங்காலுக்கு அதே இலையைத் துணியில் கட்டி ஒற்றடமாகக் கொடுக்கலாம். அம்மாவின் பாதங்களை மட்டும், உணர்ச்சி சரியாக இருக்கிறது என்று மருத்துவர் பார்த்துச் சொல்லும் வரை, அந்த நீரில் வைக்க வேண்டாம். அரசு மருத்துவமனையில் 30 ஆண்டுகளுக்கு மேல் செவிலியராக இருந்து, அதில் பெரும்பகுதியைப் புண்ணுக்குக் கட்டுப்போடும் அறையிலேயே கழித்தவள் நான். என் பாட்டி நொச்சி அவித்த வீட்டில் வளர்ந்தவளும்கூட. அதனால் இந்த வைத்தியத்தின் மேல் எனக்குப் பிரியமும் உண்டு, அச்சமும் உண்டு.

இலையை அவித்து அதன் ஆவியையும் சூட்டையும் உடம்பில் ஏற்கும் முறைக்குச் சித்த மருத்துவத்தில் 'வேது' என்று பெயர். கட்டு, பற்று, ஒற்றடம், பூச்சு, வேது, பொட்டணம் என்று தொடங்கும் 32 புற மருத்துவ முறைகளில் இதுவும் ஒன்று. பிள்ளை பெற்ற பெண்ணை இலைகள் அவித்த நீரில் குளிப்பாட்டுவதைக் கேரளத்தில் இன்றும் 'வேதுகுளி' என்றே சொல்கிறார்கள். இந்த முறையில் வேலை செய்வது எது என்று கேட்டால், என் கணிப்பில் முதல் பங்கு சூட்டுக்கு, அடுத்த பங்குதான் இலைக்கு. வெதுவெதுப்பான நீர் பட்டதும் தோலின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் விரிகின்றன, இறுகிய தசை தளர்கிறது, வலியைச் சுமந்து செல்லும் நரம்புச் செய்தியோடு இதமான சூட்டின் செய்தியும் சேர்ந்து செல்வதால் வலி மங்கலாகத் தெரிகிறது. கையும் காலும் சூடாக இருப்பவர்களுக்குத் தூக்கம் விரைவில் வருகிறது என்பதை 1999-இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகர ஆய்வாளர்கள் அளந்து காட்டியிருக்கிறார்கள். படுக்கப் போகும் முன் காலை வெந்நீரில் வைத்த இரவுகளில் நன்றாக உறங்குவதாகப் பலரும் சொல்வதற்குக் காரணம் இதுதான். நொச்சிச் சாற்றுக்கு வீக்கத்தைத் தணிக்கும் குணம் இருப்பதை ஆய்வுக்கூடங்களில் விலங்குகளின் மேல் பார்த்திருக்கிறார்கள். கால் மணி நேரம் பாதத்தை நனைப்பதில் அந்தச் சாறு தோலைக் கடந்து மூட்டுவரை போய்விடும் என்று நான் யாருக்கும் உறுதி சொல்ல மாட்டேன். ஆனால் அதன் வாசனையும், அதற்காக உட்கார்ந்திருக்கும் அந்தக் கால் மணி நேர ஓய்வும் உடம்புக்கு நல்லவையே.

இனி உங்கள் கால். நடக்கும்போது கெண்டைக்கால் தசை ஒவ்வோர் அடிக்கும் சுருங்கி, கீழே இறங்கிய இரத்தத்தை மேலே தள்ளுகிறது. ஒரே இடத்தில் நின்றால் அந்தத் தள்ளல் நடப்பதில்லை. இரத்தம் காலிலேயே தேங்குகிறது, அதிலிருந்து கசியும் நீர் கணுக்காலைச் சுற்றிச் சேர்கிறது. அதுதான் நீங்கள் இரவில் பார்க்கும் வீக்கம். இந்த நிலையில் வீட்டுக்குள் நுழைந்தவுடன் காலைச் சூடான நீரில் வைத்தால் ஏற்கனவே நிரம்பியிருக்கும் குழாய்கள் இன்னும் விரியும், வீக்கம் கூடவும் செய்யும். ஆகவே முதலில் பாயில் படுத்து, இரண்டு தலையணைகளை அடுக்கிக் கால்களை அதன்மேல் 15 நிமிடம் உயர்த்தி வையுங்கள். கணுக்காலை மேலும் கீழுமாக 20, 30 முறை மடக்கி நீட்டுங்கள். கால் கனம் குறைந்ததை நீங்களே உணர்வீர்கள். அதற்குப் பிறகுதான் வெந்நீர்.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். உங்கள் வலிக்குக் காரணம் கடையில் இருக்கிறது, அதை வீட்டு வெந்நீர் மட்டும் தீர்க்காது. கடைகளிலும் வணிக நிறுவனங்களிலும் பணியாளர்கள் உட்காருவதற்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்திருக்கிறார்கள். கேரளம் 2018-லேயே இதைச் செய்துவிட்டது. வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் உட்காருவது உங்களுக்குச் சட்டம் தந்த உரிமை. அந்தச் சட்டம் வருவதற்கு முன், தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு புடைத்த பெண்கள் எங்கள் புறநோயாளர் பிரிவில் வரிசையாக நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அங்கும் அவர்களுக்கு உட்கார இடம் போதவில்லை. நின்றுதான் ஆக வேண்டிய நேரத்தில், ஒரு காலிலிருந்து மறு காலுக்கு எடையை மாற்றுவதும், நுனிக்காலில் எழுந்து எழுந்து இறங்குவதும் கெண்டைக்கால் தசைக்கு வேலை கொடுக்கும்.

நொச்சியை அடையாளம் காண்பது எளிது. ஒரு காம்பில் விரல்களை விரித்ததுபோல மூன்று அல்லது ஐந்து சிற்றிலைகள் இருக்கும், நடு இலை நீளமாக இருக்கும். மேற்புறம் பச்சையாகவும், திருப்பிப் பார்த்தால் சாம்பல் பூசியதுபோல வெளிறியும் தெரியும். நீலமும் ஊதாவும் கலந்த சிறு பூக்கள் கொத்தாக நிற்கும். மதிலைக் காத்து நின்ற வீரர்கள் பழங்காலத்தில் சூடியது இந்தப் பூவைத்தான். கிராமங்களில் வேலியோரமும் வாய்க்கால் கரையும் இதன் இடம். சென்னையிலும் கிடைக்கும், கொசுவை விரட்டுவதற்காக மாநகராட்சியே சில ஆண்டுகளுக்கு முன் வீடுகளுக்கு நொச்சிக் கன்றுகளை வழங்கியது. சாலையோரப் புகை படிந்த செடியிலும், மருந்து தெளித்த வயலின் வரப்பிலும் பறிக்காதீர்கள். பறித்ததை இரண்டு, மூன்று தண்ணீரில் அலசுங்கள். முதல்முறை பயன்படுத்தும்போது, அவித்த நீரை ஆறவைத்து முழங்கையின் உட்புறத்தில் தடவி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். அரிப்போ தடிப்போ வந்தால் அந்த இலை உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று பொருள்.

என் பாட்டி இலையை உருவி அண்டாவில் போட்டதும் ஒரு தட்டால் மூடி, தட்டின் மேல் குழவிக்கல்லைத் தூக்கி வைப்பார். ஏன் என்று கேட்டால், "வாசனை போச்சுன்னா வைத்தியம் போச்சு" என்பார். நொச்சியின் வாசனை எண்ணெய் ஆவியோடு பறந்துவிடக் கூடியது, ஆகையால் மூடி அவிப்பதுதான் முறை என்பதைப் பிற்காலத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். உருவிய இலை இரண்டு கைப்பிடி எடுத்து, ஒன்றரை லிட்டர் தண்ணீரில் மூடிய பாத்திரத்தில் கொதிக்கவிடுங்கள். கொதி வந்ததும் தீயைக் குறைத்துப் பத்து நிமிடம் வைத்தால் நீர் இளம்பச்சையும் பழுப்புமாக மாறி, வீடெல்லாம் மணக்கும். இறக்கி வடிகட்டிக்கொள்ளுங்கள். அடுத்து, இரண்டு பாதங்களும் தட்டையாகப் படியும் அகலமான பிளாஸ்டிக் பேசின் ஒன்றில் முதலில் 5 லிட்டர் குழாய்த் தண்ணீரை ஊற்றிவிட்டு, அதன் பிறகு இலை நீரைச் சிறிது சிறிதாகக் கலக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றவே கூடாது. கொதிநீரை முதலில் ஊற்றி வைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போன இடைவெளியில், குழந்தை தவழ்ந்து வந்து கையை விட்ட வீடுகளை நான் அறிவேன்.

கொதித்த நீர் ஒரு பங்குக்குக் குழாய்த் தண்ணீர் ஐந்து பங்கு என்று கலந்தால், நம் ஊர் வெயிலில் ஏறக்குறைய 39 டிகிரி செல்சியஸ் வரும். மார்கழிக் குளிரில் நான்கு பங்கு போதும். கணக்கை நம்பி இருக்காமல் அளந்து பாருங்கள். வீட்டில் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரே இதற்குப் போதும். 100 பாரன்ஹீட்டுக்கும் 104 பாரன்ஹீட்டுக்கும் இடையில் இருந்தால் சரி. 104 என்பது 40 செல்சியஸ், அதைத் தாண்ட வேண்டாம். 'பொறுக்கிற சூடு' என்று சொல்லிக்கொண்டு பலர் இதற்கு வெகு மேலே போய்விடுகிறார்கள். 49 டிகிரி நீர் சில நிமிடங்களிலும், 60 டிகிரி நீர் 5 வினாடிகளிலும் தோலைச் சுட்டுவிடும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். கீசரிலிருந்து நேரே வரும் நீர் பல வீடுகளில் அந்த 60-ஐ ஒட்டித்தான் இருக்கிறது.

நீர் கணுக்காலுக்கு மேல் நான்கு விரல் அளவு நின்றால் போதும். 15 நிமிடம் போதும். இடையில் ஆறிப்போனால் காலை வெளியே எடுத்துவிட்டுத்தான் சூடான நீரைச் சேர்க்க வேண்டும். வெறும் வயிற்றிலும், வயிறு நிறைய உண்டவுடனும் வேண்டாம். அருகில் ஒரு குவளை குடிநீர் இருக்கட்டும், எழும்போது மெல்ல எழுங்கள், இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சில நேரம் தலை கிறுகிறுக்கும். முடிந்ததும் விரல் இடுக்குகளைப் பருத்தித் துணியால் ஒவ்வொன்றாகத் துடையுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் பத்து நாளில் சேற்றுப்புண் வந்து நிற்கும். குதிகாலிலும் பித்தவெடிப்பிலும் நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ தடவலாம், இடுக்கில் மட்டும் தடவக் கூடாது. வாரத்தில் மூன்று, நான்கு நாள் செய்தால் போதும். தினமும் நனைத்தால் தோல் வறண்டு வெடிப்பு கூடும்.

உப்பைப் பற்றியும் கேட்பார்கள் என்பதால் சொல்கிறேன். கல் உப்பு ஒரு கைப்பிடி போட்டால் பாதம் லேசானதாக உணர்வார்கள் பலர், போடலாம். மருந்துக்கடையில் விற்கும் எப்சம் உப்பு என்பது மக்னீசியம் சல்பேட். அதிலுள்ள மக்னீசியம் தோல் வழியாக உடம்பில் ஏறி மூட்டு வலியைத் தீர்க்கும் என்பது உறுதியாக நிறுவப்பட்ட செய்தி அல்ல. நொச்சி கிடைக்காத ஊரில் வெறும் வெந்நீரும் கல் உப்பும் இருந்தாலே காரியம் பெருமளவு நடந்துவிடும். பணம் கொடுத்துப் பொட்டலப் பொடி வாங்க வேண்டியதில்லை.

நொச்சியைத் தவிர, வாதநாராயணன், புளிய இலை, ஆமணக்கு இலை, முடக்கத்தான் ஆகியவையும் வழக்கத்தில் இருப்பவை. 2006-இல் சிக்குன்குனியா பரவியபோது, காய்ச்சல் விட்டுப் பல மாதங்கள் ஆகியும் விரல் மடங்காமல், கணுக்கால் ஊன்ற முடியாமல் மக்கள் தவித்தார்கள். எங்கள் தெருமுனையில் நின்ற வாதநாராயணன் மரத்தில் எட்டுகிற உயரம்வரை அந்த ஆண்டு ஓர் இலை மிஞ்சவில்லை. ஆமணக்கு இலையைப் பயன்படுத்துகிறவர்கள் அதன் விதை கொடிய நஞ்சு என்பதை மறக்காமல், கொத்தோடு ஒடித்து வீட்டுக்குக் கொண்டுவருவதைத் தவிர்க்க வேண்டும். எருக்கு இலையைச் சிலர் சேர்க்கச் சொல்வார்கள். அதன் பால் தோலைப் புண்ணாக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு, ஆகவே நான் ஒருபோதும் பரிந்துரைப்பதில்லை.

அம்மாவின் முழங்காலுக்கு வருவோம். பேசினில் காலை வைத்தால் சூடு முழங்காலை எட்டாது. அதற்குப் பொட்டணம்தான் ஏற்றது. நொச்சி இலையையும் புளிய இலையையும் சமமாக எடுத்து, இரும்புச் சட்டியில் ஒரு கரண்டி விளக்கெண்ணெய் விட்டு, இலை துவண்டு நிறம் மாறும் வரை வதக்குங்கள். பழைய பருத்தி வேட்டித் துண்டில் வைத்து உருண்டையாகக் கட்டிக்கொள்ளுங்கள். முதலில் அதை உங்கள் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே இதமாக இருந்தால் அம்மாவின் முழங்காலில் வைக்கலாம். அழுத்தித் தேய்க்காமல், ஒற்றி ஒற்றி எடுங்கள், முழங்காலின் பக்கவாட்டிலும் பின்புறக் குழியிலும் கொடுங்கள், பத்து நிமிடம் கொடுத்தபின் காலை மெல்ல மடக்கி நீட்டச் சொல்லுங்கள். சூட்டின் பயன் அந்த அசைவுக்கு வழிவிடுவதில்தான் இருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்தபடி காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும் வரை நிறுத்தி இறக்கும் பயிற்சியை ஒற்றடம் முடிந்த கையோடு செய்தால் தொடைத் தசை வலுப்பெற்று, முழங்காலின் சுமை குறையும். தேய்ந்த எலும்பு முனையை ஒற்றடம் வளர்த்துவிடாது, அப்படி யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

எப்போது சூடே கூடாது என்பதையும் சுருக்கமாகச் சொல்கிறேன். இரவோடு இரவாகக் கட்டைவிரல் மூட்டு சிவந்து, போர்வை பட்டாலே துடிக்கும் வலி வந்தால் அது யூரிக் அமிலத்தால் வரும் கவுட்டாக இருக்கலாம், அங்கே சூடு வலியைக் கூட்டும். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கிக் கெண்டைக்கால் வலித்தால் இரத்தக் கட்டியாக இருக்கக்கூடும், தேய்க்காமல், ஒற்றடம் கொடுக்காமல் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். காலையில் எழுந்தபின் விரல் மூட்டுகளின் இறுக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் அது தேய்மானம் அல்ல, முடக்குவாதமாக இருக்கலாம், அதற்கு மருந்து வேண்டும். மூட்டு வீக்கத்தோடு காய்ச்சல், ஆறாத புண், யானைக்கால் வீக்கத்தில் தோல் சிவந்து எரிதல் ஆகியவற்றிலும் வெந்நீர் வேண்டாம். நரம்பு சுருண்டிருப்பவர்கள் உடல் சூட்டைத் தாண்டாத நீரில், அதாவது 98 பாரன்ஹீட் அளவில், பத்து நிமிடத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அம்மாவின் பாதத்தை ஏன் இவ்வளவு வலியுறுத்தித் தடுக்கிறேன் என்று உங்களுக்குத் தோன்றலாம். பல ஆண்டுகளுக்கு முன் 60 வயதைக் கடந்த ஒரு அம்மா கட்டுப்போடும் அறைக்கு வந்தார். முந்தின இரவு மகள் அன்போடு இலை அவித்து, கால் வலிக்கு இதமாக இருக்கட்டும் என்று வெந்நீரில் வைத்திருக்கிறாள். "சூடு போதுமாம்மா?" என்று கேட்டதற்கு, "இன்னும் கொஞ்சம் ஊத்து" என்றிருக்கிறார். விடிந்து பாயை உதறும்போது பாயின் ஓரம் ஈரமாக இருந்ததைப் பார்த்துத்தான் காலைப் பார்த்திருக்கிறார்கள். இரண்டு பாதங்களின் மேலும் கொப்புளம் எழும்பி உடைந்திருந்தது. அவருக்கு வலிக்கவே இல்லை. அந்தப் புண் ஆற நான்கு மாதம் ஆனது, சுண்டுவிரல் ஒன்றைக் காப்பாற்ற முடியவில்லை. மகள் ஒவ்வொரு முறையும் என் முகத்தைப் பார்க்காமல் நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. அவள் மேல் எந்தத் தவறும் இல்லை, யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை.

தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் உதிர்வதில்லை, உணர்ச்சி இல்லாததால் சூடும் காயமும் பட்டுப் பட்டு அழிகின்றன என்பதை 1946-இல் வேலூர் வந்து சேர்ந்த மருத்துவர் பால் பிராண்ட், அங்குள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் கண்டு உலகுக்குச் சொன்னார். நீண்ட காலச் சர்க்கரை நோயும் பாதத்தை அதே நிலைக்குக் கொண்டுபோகும். பஞ்சின் மேல் நடப்பதுபோல இருக்கிறது, செருப்பு கழன்றதே தெரியவில்லை என்று அம்மா சொன்னதுண்டா? பாதம் எரிகிறது என்று சொல்கிறவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு, எரிச்சலும் மரத்துப்போதலும் ஒரே காலில் இருக்க முடியும். 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. அத்தனை வீடுகளிலும் வெந்நீர்ப் பேசின் இருக்கிறது என்பதால்தான் இதை இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

இன்று இரவே ஒரு சோதனை செய்யலாம், கருவி எதுவும் தேவையில்லை. அம்மாவைப் படுக்கவைத்துக் கண்ணை மூடச் சொல்லுங்கள். உங்கள் ஆள்காட்டி விரலின் நுனியால் அவருடைய வலது காலின் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகியவற்றின் நுனியை, ஒன்றன்பின் ஒன்றாக இல்லாமல் வரிசை மாற்றி, ஒவ்வொன்றையும் ஓரிரு வினாடி மெல்லத் தொடுங்கள். அழுத்தவோ தட்டவோ வருடவோ கூடாது. இடது காலிலும் அதே மூன்று விரல்கள், இரண்டு கால்களையும் மாற்றி மாற்றித் தொடுங்கள். தொட்டதும் "வலது", "இடது" என்று அவர் சொல்ல வேண்டும். ஆறில் இரண்டையோ அதற்கு மேலோ தவறவிட்டால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று கொள்ள வேண்டும். அப்போது இலை நீர் அந்தக் காலுக்கு வேண்டவே வேண்டாம், நீரிழிவுப் பிரிவில் பாதத்தைக் காட்டுங்கள். ஆறையும் சரியாகச் சொல்லிவிட்டாலும், மருத்துவர் ஒருமுறை பாதத்தைப் பார்த்துச் சரி என்று சொல்லும் வரை ஊறவைக்க வேண்டாம். தினமும் காலைக் கழுவும் நீரும் 98 பாரன்ஹீட்டைத் தாண்டக் கூடாது. அதையும் அம்மாவின் காலைக் கேட்டுத் தீர்மானிக்காமல், நீங்கள் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்த பிறகே அவர் காலை உள்ளே வைக்கட்டும்.